குதிரைவாலி விழுங்கிய மூன்று கிலோமீட்டர்

கூப்பிட ஆள் நிறுத்தாமல் நாயை அவிழ்த்துவிட்டேன். அதனால் எங்கள் ஊர் செவப்பொட்டலுக்கும் பக்கத்து ஊர் ஊசிமேட்டுக்கும் நடுவே இருந்த மூன்று கிலோமீட்டர் தூரம் போய்விட்டது. தப்பு என்னுடையது. நாயுடையது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஆளாளுக்கு ஒரு கதை கட்ட வேண்டாம்.

நாய்ப் பந்தயம் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு நாய்க்கு இரண்டு ஆள். ஒருவர் கோட்டில் நாயைப் பிடித்து நிற்பார். இன்னொருவர் நானூறு மீட்டர் தள்ளி, முடிகிற இடத்தில் நின்று கூப்பிடுவார். முன்னால் மோட்டார் சைக்கிளில் முயல்தோலைக் கட்டி இழுப்பதெல்லாம் கண்ணுக்கு. கால் ஓடுவது குரலுக்கு. யார் சோறு வைத்தார்களோ அவர்கள்தான் கூப்பிட வேண்டும். என் நாய்க்குச் சோறு வைத்தவள் என் வீட்டுக்காரி. அவள் பந்தயத்துக்கு எட்டு நாள் முன்பு பையைத் தூக்கிக்கொண்டு ஊசிமேட்டில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஏன் போனாள்? நாயால்தான். என் வாயால் என்றும் சொல்வார்கள்.

சிப்பிப்பாறைக் குட்டி, செவலை நிறம். பிறந்த முப்பத்தைந்தாம் நாள் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தேன். மூன்று நாள் யோசித்துக் குதிரைவாலி என்று பெயர் வைத்தேன், அதன் வால் முற்றிய கதிர்போல வளைந்து தொங்கியதால். பெயர் வைத்ததோடு என் வேலை முடிந்தது. கேப்பைக் கூழும் மோரும் முட்டையும் கரைத்து வைத்ததும், பூச்சி மருந்தை வெல்லத்தில் பொதிந்து கொடுத்ததும், தார்ரோட்டில் பாதம் வெந்துவிடும் என்று உழவுக் காட்டிலேயே நடத்திக் கூட்டிப்போனதும் அவள். ஐந்து மாதத்தில் அது அடுப்புத் திண்டில் மூக்கை வைத்தது. ஏழு மாதத்தில் தோசைமாவுப் பானைக்குள் தலையை விட்டு, பானையோடு தெருவில் நடந்தது. படுத்தால் நாலு காலும் நாலு திசைக்குப் போகும். நின்றால் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள்மேல் முழுப் பாரத்தையும் சாய்த்துவிடும், நாய் என்றே நினைக்காது, சொந்தக்காரர் என்று நினைக்கும். சோப்பைத் தின்றது. என் இரண்டு செருப்பில் இடதை மட்டும் தின்றது. நான் கத்துவேன். அவள், "சின்னப்பிள்ளை, பல்லு ஊறுது" என்பாள்.

பத்தாம் மாதம் கோயில் ஆவணிக் கொடைக்குப் பந்தயம் என்றார்கள். ஓட்டுவோம் என்றேன்.

"எலும்பு இன்னும் கூடலை. பதினஞ்சு மாசம் ஆகட்டும்" என்றாள்.

"ஒனக்கென்ன தெரியும், வாயை மூடு" என்றேன்.

மூடிக்கொண்டாள். மூடிய வாயோடு பையை எடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

கொடை அன்று காலை, ஊசிமேட்டு ரோட்டை ஒட்டிய தரிசில் பதினொரு நாய் வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் பாலத்துக்கட்டையில் பத்துப் பேர் நின்றார்கள். ஊராட்சித் தலைவர் முத்துக்காளை என்னிடம் வந்தார்.

"வெயில்முத்து அண்ணாச்சி, ஒங்களுக்குக் கூப்பிட ஆளு எங்க?"

"வேண்டாம்."

"ஆளில்லாம எப்படி..."

"விசிலை ஊதும்யா. வெயில் ஏறுது."

ஊதினார். அதே நேரம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், அவள் தம்பி தவசிமுத்துவின் வாசலில், என் வீட்டுக்காரி முறத்தில் தவிட்டோடு நின்று கோழிகளைப் "பா... பா..." என்று கூப்பிட்டிருக்கிறாள். கூழ் வைக்கும்போது குதிரைவாலியைக் கூப்பிடுவதும் அப்படித்தான். என் கையில் இருந்த நாயின் காது இரண்டும் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை. முயல்தோலைத் தாண்டி, மோட்டார் சைக்கிளைத் தாண்டி, பாலத்துக்கட்டையையும் கூப்பிட நின்ற பத்துப் பேரையும் தாண்டி அது போனது, போகப் போக ரோடும் அதன் பின்னாலேயே போனது, ராட்டினத்தில் நூல் சுற்றுவதுபோல ரோட்டோரப் புளியமரங்களும் பருத்திக்காடும் மக்காச்சோளக்காடும் வண்டிப்பாதையும் கிணறும் கரண்டுக் கம்பங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் சுருண்டு போயின. பாலத்துக்கட்டையில் நின்றவர்கள் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்கள். புழுதி அடங்கியபோது ஊர்க் கடைசியில் இருக்கும் என் வீட்டுக்கு எதிரே தவசிமுத்துவின் வீடு இருந்தது. அவன் வாசலில் என் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் குதிரைவாலியின் தலை. காலையில் என் தொடை உயரம் இருந்த நாய் இப்போது என் நெஞ்சு உயரம். மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் இடம் வேண்டாமா.

"முதல் பரிசு யாருக்கு?" என்று யாரோ கேட்டார்கள். முத்துக்காளை கொஞ்சம் யோசித்துவிட்டு, முடிகிற கோட்டைக் காணாததால் பந்தயம் செல்லாது என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

இரண்டு ஊருக்கும் நடுவே சேலைக் கொசுவம்போல ஒரு மடிப்பு மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு சாண் உயரம். தாண்ட ஒரு எட்டுப் போதும். ஆனால் தாண்டியவருக்கு மூன்று கிலோமீட்டர் நடந்த கெண்டைக்கால் வலி வந்தது, வியர்த்தது, தண்ணீர் தவித்தது. அதனால் மடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பானையும் அந்தப் பக்கம் ஒரு பானையும் வைத்தார்கள். டீக்கடைக் கோமதி ஒரு வாரத்தில் கடையையே மடிப்புக்குப் பக்கத்தில் பெயர்த்துக்கொண்டு வந்து பெஞ்சு போட்டாள். பஸ் எங்கள் ஊரில் கிளம்பி முன் சக்கரம் உருளும்போதே ஊசிமேடு வந்துவிடும். கண்டக்டர் முழு டிக்கெட்தான் கிழித்தார், டீசல் அவ்வளவும் குடிக்கிறது என்றார். யாரும் சண்டை போடவில்லை, இறங்கும்போது எல்லோருக்கும் பயணம் செய்த அலுப்பு இருந்தது. எறும்புகள் காலையில் மடிப்புக்குள் நுழைந்து மூன்றாம் நாள் அந்தப் பக்கம் வெளியே வந்தன. காக்கைகள் மேலாகப் பறந்தால் பாதியில் களைத்துக் கோமதியின் கூரையில் உட்கார்ந்துகொண்டன.

ஒரு மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது. எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு, அவர்கள் கிணறு நல்ல தண்ணீர். பெண்கள் ஒரு குடத்துக்கு ஒரு கால்வலி என்று கணக்கு வைத்து எடுத்துவந்தார்கள். இரண்டு கோயில் ரேடியோவும் ஒரே நேரத்தில் பாடி, கடைசியில் செவ்வாய் அவர்களுக்கு, வெள்ளி எங்களுக்கு என்று ஆனது. பதினொரு வருடமாக முகம் பார்க்காத இரண்டு பங்காளிகள் தினமும் எதிரெதிரே நின்று பல் விளக்க வேண்டியிருந்தது. பதினேழாம் நாள் ஒருவன் வேப்பங்குச்சியை ஒடித்து மற்றவனுக்குப் பாதி கொடுத்தான். இரண்டு கல்யாணம் பேசி முடித்தார்கள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பெண்கள் அடுப்பில் உலை கொதிப்பதற்குள் திரும்பி வந்தார்கள்.

ஒருத்தியைத் தவிர.

அவள் எனக்கு எட்டு அடி தூரத்தில் இருந்தாள். காலையில் நான் கட்டிலில் கண் விழித்தால் எதிரே அவள் வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள். நான் கஞ்சி குடிப்பதை அவள் பார்ப்பாள். உப்பில்லாமல் நான் முகம் சுளிப்பதையும் பார்ப்பாள். நாய் இரண்டு வாசலிலுமாகப் படுத்துக்கொள்ளும், தலை அவள் பக்கம், வால் என் பக்கம். படுத்தபடியே மூச்சு வாங்கும். தூக்கத்திலும் காலை உதைக்கும். கால்நடை டாக்டர் வந்து காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இது இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்று எழுதிக்கொடுத்தார்.

புரட்டாசி பிறந்தது. அப்போதுதான் ஊருக்கு உறைத்தது.

எங்களுடையது மானாவாரி. முதல் மழைக்கு முன்னால் புழுதியில் விதையைப் போட்டுவிட வேண்டும். மழை விழுந்த பிறகு கரிசலில் கால் வைக்க முடியாது, ஒட்டிக்கொள்ளும். அந்த வருடம் அதோடு போச்சு. இரண்டு ஊரிலும் சேர்த்து நாற்பத்திரண்டு வீட்டு நிலம் நாய்க்குள் இருந்தது. என் நாலு ஏக்கரும் அதற்குள்தான். விதை மூட்டைகளைக் கொண்டுவந்து மடிப்போரம் அடுக்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சர்வேயர் வந்தார். சங்கிலியை நீட்டினார், சங்கிலி மடிப்புக்குள் போய்விட்டது. அளக்க இயலவில்லை என்று எழுதிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். ஓடித்தான் உள்ளே போனது, ஓடித்தான் வெளியே வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாயை ஊசிமேட்டுப் பக்கம் நிறுத்தி இந்தப் பக்கம் முயல்தோலை ஆட்டினார்கள். கொட்டாவி விட்டது. நான் விசிலடித்தேன். வாலை ஒரு தரம் தட்டியது, மரியாதைக்கு. தவசிமுத்து தன் அக்கா குரலில் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என் வாசலில் நின்று "பா... பா..." என்றான். நாய் எழுந்து வந்து அவன் முகத்தை மோந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய் அவன் வாசல் கொடியில் கிடந்த வேட்டியை இழுத்து அதன்மேல் படுத்துக்கொண்டது.

"அத்தான், சிரிக்காதீக" என்றான் தவசிமுத்து.

நான் சிரிக்கவில்லை. எதிர் வாசலில் யாரோ சிரித்தார்கள்.

கோமதி டீயைக் கொண்டுவந்து என் முன்னால் டக்கென்று வைத்தாள். "மாமா, அத்தை கூப்பிட்டாத்தான் அது ஓடும். ஊருக்கே தெரியும். ஒங்களுக்கு மட்டும் தெரியாதாக்கும்?"

"தெரியும்."

"அப்பப் போய்க் கேளுங்க."

"நீ கேளு."

"எட்டு அடி, மாமா!"

"நீ கேளுன்னேன்."

கோமதி இன்னும் திரும்பக்கூட இல்லை. எதிர் வாசலிலிருந்தே பதில் வந்தது, கோமதிக்குச் சொல்வதுபோல. "கேக்க வேண்டியவரு அங்கதான நிக்காரு. அவருக்கு நாக்கு இருக்கான்னு பாரு, கோமதி."

நாற்பத்திரண்டு வீட்டு ஆளும் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன். "ஏ. வந்து நாயைக் கூப்பிடு."

"ஏ-ன்னா யாரு?" என்றாள். "ஆட்டைக் கூப்பிடுறீகளா, மாட்டைக் கூப்பிடுறீகளா?"

"ஒன்னத்தான்."

"எனக்குப் பேரு இல்லையா? நாய்க்குப் பேரு வைக்க மூணு நாளு சோறு தண்ணி இறங்காம யோசிச்சீக. எனக்கு எங்க அப்பன் வச்ச பேரு ஒண்ணு இருக்கு. நாப்பத்தோரு வருசமா ஏ, இந்தா, அங்க யாரு. ஒரு நாளு அந்தப் பேரு ஒங்க வாயில வந்திருக்கா?"

வந்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில் படித்தேன். ரேஷன் கார்டில் பார்த்தேன். வாயால் சொன்னதில்லை. எங்கள் காலத்தில் அப்படித்தான் என்று சொல்லலாம். தவசிமுத்து எனக்கு ஏழு வயது இளையவன், அவன் பெண்டாட்டி பெயரைத் தெருவே கேட்கக் கூப்பிடுவான். ஆகவே காலத்தின்மேல் பழி போட முடியாது. நான் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நாலு நாள் வெளியே வரவில்லை. உள்ளே சும்மா இல்லை. சொல்லிப் பார்த்தேன். அடுப்பிடம் சொன்னேன், தானியக் குதிரிடம் சொன்னேன், அவள் விட்டுப்போன பழைய சேலை தொங்கிய கொடியிடம் சொன்னேன். முதல் எழுத்து வரும், மீதி தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். அறுபத்தாறு வயதில் வாய் பழகுவதற்குச் சிரமப்படுகிறது. கதவுக்கு வெளியே நாய் மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் விடிந்ததும் கொண்டல் காற்று வீசியது. கிழக்கே கறுத்துக் கிடந்தது. மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடிப்புக்குப் போனேன். அவள் தவசிமுத்துவின் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டேன். பெயர் சொல்லி. முழுப் பெயர்.

கோமதியின் கடையில் பால் பொங்கி வழிந்தது, யாரும் இறக்கவில்லை. நாய் மூச்சு வாங்குவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது. முறம் அவள் கையில் நின்றது. நிமிரவில்லை.

"என்ன?"

"வா."

"எங்க? நாயைக் கூப்பிடவா, வீட்டுக்கா?"

கேள்வி அப்படி வரும் என்று நான் நினைக்கவில்லை. நாயை என்று சொன்னால் வருவாள், நாற்பத்திரண்டு வீட்டுக்காக வருவாள், கூப்பிடுவாள், தூரம் திரும்பும், திரும்பின தூரத்தில் நடந்து தம்பி வீட்டுக்கே போய்விடுவாள். வீட்டுக்கு என்று சொன்னால் வராமலும் இருக்கலாம். எனக்குப் பின்னால் எல்லோரும் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். முத்துக்காளை என் முதுகுக்குப் பின்னால், "நாயைன்னு சொல்லும், அண்ணாச்சி, நாயைன்னு சொல்லும்" என்று முணுமுணுத்தார்.

"வீட்டுக்கு" என்றேன். "நாயை ஒனக்குத் தோணுறப்பப் பாத்துக்கிடு."

முறத்தைக் கீழே வைத்தாள். புடைத்த அரிசியைப் பானையில் கொட்டி மூடினாள். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு, தம்பி பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டு, ஒரு எட்டு எடுத்து வைத்து மடிப்பைத் தாண்டினாள். தாண்டியதும் வியர்த்தது. பானையில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். குடித்தாள். கால் வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தாள். வானம் இறங்கிக்கொண்டே இருந்தது, அவள் கெண்டைக்காலை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள், அவசரப்படுத்த எனக்கு வாய் வரை வந்தது. மூடிக்கொண்டேன்.

"நாயை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பிடிங்க" என்றாள் கடைசியில். "அவிழ்த்துவிடணும். உசுப்பக் கூடாது. அது பந்தயம் ஓட வேண்டாம், வந்தாப் போதும். எலும்பு இன்னும் கூடலை."

போனேன். எனக்கும் கால் வலித்தது. தவசிமுத்து வாசலில் குதிரைவாலியின் கழுத்தில் கை போட்டு நின்றேன், கை முழுசாகச் சுற்றவில்லை. அவள் எங்கள் வீட்டு அடுப்படி வாசலில் கூழ்ச்சட்டியோடு நின்றாள். பந்தயத்தில் கூப்பிடுகிற கூப்பாடு இல்லை அது. தொட்டில் ஆட்டுகிறவள் ஒரு கையால் ஆட்டிக்கொண்டு பேசுவதுபோல, "பா... பா... மெல்ல வா, என் ராசா, மெல்ல வா" என்றாள்.

கையை எடுத்தேன்.

நாய் நடந்தது. பிறகு துள்ளு நடையில் போனது. அது ஒரு அடி வைக்க ஒரு முழம் மண் வெளியே வந்தது, இன்னொரு அடிக்கு ஒரு வரப்பு வந்தது, பருத்திமாறு நின்ற காடு வந்தது, அதன் பக்கத்தில் மக்காச்சோளத் தட்டை வந்தது, கிணறு தண்ணீரோடு வந்தது, கரண்டுக் கம்பங்கள் பதினாலும் கம்பியில் உட்கார்ந்திருந்த குருவிகளோடு வந்தன, புளியமரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்று இலையை உதறிக்கொண்டன, சர்வேயரின் சங்கிலி ரோட்டில் நீளமாகக் கிடந்தது, வழிநெடுக எறும்புகள் ஒன்றும் நடக்காததுபோல வரிசை கலையாமல் போய்க்கொண்டிருந்தன, நாய் போகப் போகச் சிறுத்தது, நெஞ்சு உயரம் இடுப்பு உயரமானது, பிறகு தூரத்தால் சிறுத்ததா உடம்பால் சிறுத்ததா என்று சொல்ல முடியவில்லை, அவளும் சிறுத்தாள், ஒரு விரல் அளவு, ஒரு நெல் அளவு. குரல் மட்டும் காற்றில் வந்தது.

எனக்கு முன்னால் மூன்று கிலோமீட்டர் கிடந்தது. அந்த முனையில் என் வீடு.

இரண்டு ஊர்க்காரர்களும் அவரவர் பக்கத்திலிருந்து விதை மூட்டையோடு காட்டில் இறங்கினார்கள். என் நாலு ஏக்கரைத் தாண்டும்போது முத்துக்காளையின் ஆட்கள் அதிலும் ஏர் பூட்டியிருந்தார்கள், நான் கேட்கவில்லை. நடந்தேன். கெண்டைக்கால் வலித்தது, நடந்ததால் வலித்தது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாயங்காலம் விதைத்து முடித்து மாடுகளை ஓட்டிக்கொண்டு கரையேறிய பிறகு மழை விழுந்தது. கஞ்சியில் உப்பு சரியாக இருந்தது.

மடிப்பு இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. கோமதியின் கடை மட்டும் அங்கேயே இருக்கிறது. பங்காளிகள் இருவரும் சைக்கிளில் வந்து அங்கே டீ குடிக்கிறார்கள். குதிரைவாலிக்கு என் இடுப்பு உயரம். அடுப்புத் திண்டில் இன்னும் மூக்கை வைக்கிறது. எலும்பு கூடிய பிறகு தைக்கொடையில் ஓட்டினோம். கோட்டில் நான் பிடித்தேன், பாலத்துக்கட்டையில் அவள் நின்று கூப்பிட்டாள். மூன்றாவதாக வந்தது. அவள் நிற்கிற இடத்தில் சரியாக நின்றது.

ஊராட்சியில் ரோட்டோரம் கல் நடப் போகிறார்களாம். தூரம் திரும்பியது யாரால் என்று அதில் எழுத வேண்டுமாம். நாய் பெயரைப் போடலாம் என்கிறது ஒரு கூட்டம், என் பெயரைப் போடலாம் என்கிறார் முத்துக்காளை. வெட்டிப் பேச்சு. தப்புப் பண்ணியவன் பெயரைக் கல்லில் வெட்டுவார்களா. கல்தச்சனிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், எழுத்து விடாமல், இரண்டு தடவை.

ஆவுடைத்தங்கம்.